பதினேழாம் நம்பர் பேல்

ஜூலை 20, வெள்ளி. ஸ்ரீவில்லிபுத்தூர்

காலையிலிருந்து காற்று. சாரல் மலையோடு நின்றுவிட்டது, ஊருக்குள் புழுதி மட்டும். அம்மாவின் நர்ஸ் சேலை கொடியிலிருந்து பறந்து பக்கத்து வீட்டு முருங்கையில்.

வாங்க வேண்டியவை: டைப்ரைட்டர் ரிப்பன், மண்ணெண்ணெய், இருமல் மருந்து.

பேராசிரியரிடமிருந்து கார்டு. மதுரையில் எம்.ஏ. முடித்து ஊர் திரும்பி மூன்று மாதம், அவர் எழுதும் முதல் கார்டு. உங்கள் ஊர் கோர்ட்டில் ஆங்கிலமும் தமிழும் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், ஒரு வாரம் வேலை, உன் பெயரைச் சொல்லியிருக்கிறேன், உடனே போய்ப் பார்.

போனேன். தலைமை எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

“எம்.ஏ. எதுலம்மா?”

“அரசியல்.”

“இங்கிலீஷ் வருமா?”

“வரும்.”

“சட்டத் தமிழ்?”

“வராது சார்.”

“நல்லதாப் போச்சு. அது வந்தா ஒருத்தனுக்கும் புரியாது.”

விஷயம் இது. ஒரு வெளிநாட்டில் ரயில் நிலையத்தில் குண்டு வெடித்த வழக்கு. அந்த ஊர் நீதிமன்றம் நம் கோர்ட்டுக்கு ஒரு கேள்விப் பட்டியல் அனுப்பியிருக்கிறது. இங்கே உள்ள சிலரைக் கூண்டில் ஏற்றிச் சத்தியம் வாங்கி, அந்தக் கேள்விகளைக் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் அனுப்ப வேண்டும். விசாரணை வியாழக்கிழமை. அங்கிருந்து ஒரு அதிகாரி வருகிறார், டெல்லியிலிருந்து இன்னொருவர். நாட்டின் பெயரை வெளியே சொல்லக்கூடாது. இங்கேயும் எழுதவில்லை. அந்த நாடு என்றே இருக்கட்டும்.

என் எம்.ஏ. கட்டுரை: பயங்கரவாதத்தை எதிர்கொள்ள ஜனநாயக நாடுகள் ஒன்று சேர்வது பற்றி. முப்பது பக்கம். ‘சாட்சியங்களை ஒருவருக்கொருவர் வழங்குதல்’ என்று ஒரு அத்தியாயம். எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியது. அது நம் ஊர்க் கோர்ட்டுக்கு, புளியமரத்தடியில் ஜாமீன்காரர்கள் குந்தியிருக்கும் இடத்துக்கு, அரக்கு முத்திரையோடு வந்து இறங்கும் என்று நினைக்கவில்லை.

வெட்கத்தோடு எழுதுகிறேன். சந்தோஷமாக இருந்தது.

ஜூலை 21, சனி

கேள்விப் பட்டியல் வந்த உறையை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது. ரிக்கார்டு ரூமில் உட்கார்ந்து மொழிபெயர்க்கச் சொன்னார்கள். பழைய கட்டுகளின் நெடி. தும்மல். ஜன்னலில் ஒரு அணில்.

உறை வந்த வழி (முத்திரைகளைப் பார்த்துக் குறித்தது): அவர்கள் நீதிமன்றம், அவர்கள் வெளியுறவுத் துறை, நம் வெளியுறவுத் துறை, டெல்லி போலீஸ், சென்னை, மாவட்டக் கோர்ட், இந்த மேஜை. பதினொரு மாதம்.

பதினாலு கேள்விகள். பிறகு வழக்கின் சுருக்கம். பிறகு இறந்தவர்கள் பட்டியல், வயதோடு. எண்ணவில்லை. ஒரு பெயருக்கு எதிரே வயது 4.

பிறகு புகைப்படங்கள். முதல் மூன்றும் நிலையம். நாலாவது: ஒரு வீட்டின் தரை. அங்கேதான் குண்டு தயாரித்தார்களாம். கம்பிகள், ஒரு கடிகாரம், அவற்றைச் சுற்றி வைத்திருந்த வெள்ளைத் துணி. துணியின் ஓரத்தில் நீல இழை ஒன்று.

அந்த நீல இழையை எனக்குத் தெரியும்.

ராஜபாளையத்தில் ஒரே ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிதான் ஓரத்தில் நீல இழை விடும். பி.ஏ. முடித்து, எம்.ஏ. சேருவதற்கு முன் பத்து மாதம் அங்கே டைப்பிஸ்டாக இருந்தேன். அடுத்த பக்கத்தைத் திருப்பினேன். கம்பெனியின் பெயர். துணியோடு கிடைத்த பேல் சீட்டின் படம்: பேல் எண் 17, தேதி, கையெழுத்து. சங்கரலிங்கம் அண்ணாச்சியின் கையெழுத்து. பேல், அதாவது துணிப் பொதி, கட்டுகிறவர். ஏழுக்குக் குறுக்கே கோடு போடுவார்.

காதுக்குள் ஒரு சத்தம், மெஷின் ஓடுகிற மாதிரி. எழுந்து போய்ப் பானைத் தண்ணீர் குடித்தேன். இரண்டு தம்ளர்.

திரும்ப வந்து மீதியைப் படித்தேன். அறுபது பேல், ஒரே ஆர்டர், இரண்டு கப்பல். முதல் கப்பல் சரக்கு அந்த நாட்டில் ஒரு மருந்துச் சாமான் கடைக்காரருக்கு. இரண்டாவது கப்பல் ஒரு மொத்த வியாபாரிக்கு. பட்டியல்படி முதல் கப்பலில் போனவை 1 முதல் 30. ஆகவே 17 கடைக்காரருடையது. ஆகவே கடைக்காரர் பதினாலு மாதமாகச் சிறையில். மொத்த வியாபாரி தன்னிடம் வந்தவை 31 முதல் 60 என்று சாட்சி சொல்லியிருக்கிறார்.

கடைக்காரர் சொல்வது: எனக்கு வந்த பேல்களில் எண்கள் எல்லாம் முப்பதுக்கு மேலே இருந்தன. எண் மாறியிருக்கிறது என்று இந்தியாவுக்கு அப்போதே கடிதம் எழுதினேன். நகல் தொலைந்துவிட்டது.

யாரும் நம்பவில்லை.

கடைசி இணைப்பு: பேல் பட்டியல். 1 முதல் 30. கீழே இடது மூலையில் டைப் அடித்தவரின் முதலெழுத்து, சின்னதாக.

என்னுடையது.

ஜூலை 22, ஞாயிறு

அம்மாவுக்குப் பகல் டூட்டி. சர்ச்சுக்கு நான் மட்டும். பிரசங்கம் காதில் விழவில்லை.

இரவு சாப்பிடும்போது:

“ஏட்டி, சோத்தைப் பெசைஞ்சுக்கிட்டே இருக்க. கோர்ட்டு வேலையில என்ன?”

“சொல்லக்கூடாதும்மா.”

“சரி, சொல்லாத. தின்னு.”

கொஞ்ச நேரம் கழித்து நானே கேட்டேன்: வெடி விபத்தில் அடிபட்டவர்களைப் பார்த்திருக்கிறாயா.

அம்மா கையைக் கழுவினாள். “சிவகாசிப் பக்கம் பட்டாசு வெடிச்சா இங்கதானே கொண்டாருவாங்க. கொண்டாரும்போது கத்த மாட்டாங்க. காஸ் துணி வச்சுக் கட்டும்போதும் கத்த மாட்டாங்க. மறுநாள் அது புண்ணோட ஒட்டிக்கிட்டு இருக்கும் பாரு, அதைப் பிரிக்கும்போதுதான். தண்ணிய விட்டு விட்டு எடுக்கணும். அவசரப்பட்டா தோலோட வந்துரும்.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தேன்.

வயது 4.

நான் எங்கே தப்புப் பண்ணினேன்? முப்பது பேல் போகிறது என்று மு. (முதலாளி) சொன்னார். 1 முதல் 30 என்று அடித்தேன். அடுத்த மாதம் இன்னொரு முப்பது. 31 முதல் 60. வேறெப்படி அடிப்பது? கிடங்குக்குப் போய்ப் பார்க்கவில்லை. கிடங்கில் பஞ்சுத் தூசி, மூக்கு அடைக்கும். இருபதடி தூரம்.

ஜூலை 23, திங்கள்

சாட்சிகளிடம் பேசக்கூடாது. உறையோடு வந்த விதிகளில் மூன்றாவது. மொழிபெயர்த்தவள் நான்தான்.

ராஜபாளையம் பஸ். புதன்கிழமைத் தேருக்கு வந்த கூட்டம் எதிர்த்திசையில். இந்தப் பஸ்ஸில் உட்கார இடம்.

அண்ணாச்சி கிடங்கு வாசலில் கோணி ஊசியோடு. பேல் தைத்துக்கொண்டிருந்தார்.

“ஜெயாவா? வா தாயி. எம்புட்டு நாளாச்சு. பெரிய படிப்பு படிச்சுட்டயாமே, இங்கன எல்லாம் வருவியா?” பிறகு குரலைத் தாழ்த்தி, “வியாழக்கிழமை கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்காவ. குண்டுக்கும் எனக்கும் என்னம்மா? நான் சட்டை பட்டனைக்கூடத் திருத்தமாப் போடத் தெரியாதவன்.”

மொழிபெயர்க்கப் போவது நான்தான் என்று சொல்லிவிட்டு, சீட்டு எழுதுகிற விதத்தைக் காட்டச் சொன்னேன். பத்து மாதம் அங்கே இருந்தும் ஒரு நாளும் பார்க்காதது.

ஆர்டர் வந்ததும் நல்ல நாள் பார்ப்பார்கள். அன்றைக்கு, நல்ல நேரத்துக்குள், அண்ணாச்சி அத்தனை சீட்டையும் ஒரே மூச்சில் எழுதிவிடுவார். ஒன்றிலிருந்து அறுபது. எல்லாவற்றிலும் அதே தேதி. மூலையில் மஞ்சள். எழுத எழுத, காற்றில் பறக்காமல் இருக்க, பில் குத்தும் கம்பியில் குத்திக்கொண்டே போவார். பேல் கட்ட இரண்டு மாதம் ஆகும். கட்டி முடித்த ஒவ்வொன்றுக்கும் கம்பியிலிருந்து ஒரு சீட்டு.

“எந்தச் சீட்டை முதல்ல எடுப்பீங்க?”

“மேல இருக்கதை.”

“மேலே எந்த நம்பர் இருக்கும்?”

அண்ணாச்சி என்னைப் பார்த்தார், பைத்தியத்தைப் பார்ப்பது போல. “அறுவது. கடைசியா குத்தினதுதானே மேல இருக்கும். ஒண்ணு அடியில கெடக்கும். கீழ இருந்து எப்பிடி எடுக்க?”

“அப்ப முதல்ல போற பேல்ல...”

“அறுவது, அம்பத்தொம்பது, அம்பத்தெட்டு. நம்பர் எதுக்கு தாயி? எண்ணிக்கை கொறையுதான்னு பாக்கத்தான். திரும்ப எண்ணினாலும் அறுவது அறுவதுதானே.”

துணிக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

முதல் கப்பலில் போனவை 60 முதல் 31. இரண்டாவதில் 30 முதல் 1. பதினேழு இரண்டாவது கப்பல். மொத்த வியாபாரி.

கடைக்காரர் சொன்னது அத்தனையும் உண்மை.

“தண்ணி குடிக்கியாம்மா? மொகம் வெளுத்துருச்சே.”

ஜூலை 24, செவ்வாய்

கடிதம். நினைவு வந்துவிட்டது. பல் தேய்க்கும்போது.

நீல உறை. தடித்த காகிதம். கையால் எழுதியது, அச்சுப்போல. ‘உங்கள் பட்டியலில் 1 முதல் 30 என்று இருக்கிறது. பேல்களில் 31 முதல் 60 வரை இருக்கிறது. சரக்கு நன்றாகவே உள்ளது. ஆனாலும் தெரிவிப்பது என் கடமை.’ தெரிவிப்பது என் கடமை என்ற வரியைப் பார்த்து நானும் கணக்கரும் சிரித்தோம். இதற்கெல்லாமா ஸ்டாம்பு ஒட்டுவார்கள் என்றார் கணக்கர். பதில் நான்தான் அடித்தேன். எண் சிறிது மாறியிருக்கலாம், சரக்கு ஒன்றே, பொறுத்தருள்க. மு. கையெழுத்து.

ஏன் மாறியது என்று அன்றும் கேட்கவில்லை.

கேள்வி 12, முதலாளிக்கானது: ‘கடைக்காரரிடமிருந்து எண்கள் குறித்து உங்களுக்கு ஏதேனும் கடிதம் வந்ததா?’ ஆக, கேட்டிருக்கிறார்கள். அந்த நாட்டில் யாரோ ஒருவர், கடைக்காரரை நம்பாமலேயே, கேட்டுவிடுவோம் என்று சேர்த்திருக்கிறார். என் கட்டுரையில் எழுதாத ஒன்று இது. குற்றம் சாட்டப்பட்டவர் சொல்வதையும் சரிபார்க்க விலாசம் தேடி அனுப்புவது.

அந்தப் பதில் சரியாக வந்தால் போதும். வேறு எதுவும் செய்ய வேண்டியதில்லை. இப்படி நினைத்து ஒரு மணி நேரம் நிம்மதியாக இருந்தேன்.

மதியம் வெளிநாட்டு அதிகாரியைப் பார்த்தேன். ஐம்பது வயது, வெயிலில் சிவந்த கழுத்து, முழுக்கைச் சட்டை. டெல்லிக்காரர் பக்கத்தில். அதிகாரி பன்னீர் சோடாவை மருந்து குடிப்பது போலக் குடித்தார். நாளைக்கு என்ன விடுமுறை என்றார். தேர் என்றேன். தேருக்காக நீதிமன்றம் மூடுமா? மூடும், அதற்குப் பதில் சனிக்கிழமை வேலை செய்வோம். தலையாட்டிக் குறித்துக்கொண்டார்.

பிறகு, கேட்காமலே சொன்னார். அந்த நான்கு வயதுக் குழந்தையின் தாய் மாதம் ஒரு தடவை அவர் அலுவலகத்துக்கு வருகிறாள். ஒன்றும் பேச மாட்டாள். உட்கார்ந்திருந்துவிட்டுப் போவாள். “வியாழக்கிழமைக்குப் பிறகு அவளிடம் முடிந்தது என்று சொல்ல முடியும்.”

நான் வாயைத் திறந்தேன். டெல்லிக்காரர் கார் வந்துவிட்டது என்றார்.

ஜூலை 25, புதன். தேர்

காலை ஆறுக்கே வடம் பிடிக்கக் கூட்டம். எங்கள் தெரு வரை சத்தம். நான் எதிர்ப்பக்கம் நடந்து பஸ் பிடித்தேன்.

மு. ஆபீஸில் தனியாக. என்னைப் பார்த்ததும் உள்ளே திரும்பித் தெலுங்கில் காபி கேட்டார். கணக்கர் இல்லை, டைப்பிஸ்ட் இல்லை. மேஜையில் ஒரு பைல், ஒரு நீல உறை.

தேடி வந்ததை அவர் எனக்கு முன்பே தேடி எடுத்துவிட்டார்.

“நீதான் மொழிபெயர்க்கப் போறேன்னு சங்கரலிங்கம் சொன்னான். ஒருவிதத்துல நல்லது. நம்ம பிள்ளை.”

“அந்தக் கடிதத்தைக் கொடுத்திருங்க சார். அந்த ஆள் செய்யலை.”

“யாரு செஞ்சா, யாரு செய்யலைன்னு நான் கண்டேனா? ரெண்டு தடவை போலீஸ் வந்துட்டுப் போயிருச்சு. தெருவுல எனக்கு இப்பப் பேரு என்ன தெரியுமா? குண்டுக் கம்பெனி. ஐப்பசில மகளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை வீட்டுக்காரவிய நேத்து போன் பண்ணி, கொஞ்ச நாள் தள்ளி வைக்கலாமாங்காவ.”

“கடிதம் வந்துச்சுன்னு மட்டும் சொன்னாப் போதும்.”

“வந்துச்சுன்னா லிஸ்ட் தப்பு. லிஸ்ட் தப்புன்னா கஸ்டம்ஸுக்குத் தப்பா எழுதிக் கொடுத்தவன் நான். பொறவு எவன் லைசென்ஸ் வைப்பான்? இந்தத் தறியெல்லாம் யாரு ஓட்டுவா?”

“லிஸ்ட் அடிச்சது நான்தானே சார்.”

“கையெழுத்துப் போட்டது நான்லா.”

காபி வந்தது. இருவரும் குடித்தோம். நல்ல காபி.

“இங்க பாரும்மா. நான் இல்லைன்னு சொல்லுவேன். நீ அதை இங்கிலீஷ்ல சொல்லு. அது நீ சொன்னதா ஆகாது. நான் சொன்னதாத்தான் ஆகும். உனக்கு என்ன பாவம்?”

விதிகளில் முதலாவதும் இதையேதான் சொல்கிறது, இன்னும் நல்ல ஆங்கிலத்தில்.

அவர் கெட்டவர் இல்லை. எம்.ஏ. விண்ணப்பத்துக்கு நற்சான்று கொடுத்தவர். அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கார் அனுப்பியவர். இதை எழுதிவைக்கிறேன், ஏனென்றால் பஸ்ஸில் வரும்போது அவரை வெறுக்க முயன்றேன். வரவில்லை.

தேர் நிலைக்கு வந்துவிட்டதாம். தெரு முழுக்க மிதிபட்ட துளசி.

ஜூலை 26, வியாழன்

நடந்ததை வரிசையாக.

10.40. டவாலிச் சேவகர் அண்ணாச்சியின் பெயரை மூன்று தடவை கூப்பிட்டார். முதல் தடவையே எதிரே நின்றிருந்தார் அண்ணாச்சி. புது வேட்டி. கூண்டில் ஏறி எல்லோருக்கும் கும்பிடு, வெளிநாட்டு அதிகாரிக்குத் தனியாக ஒன்று.

இது உங்கள் கையெழுத்தா? ஆமாய்யா. எண்களை ஒன்றிலிருந்து வரிசையாக எழுதினீர்களா? ஆமாய்யா, வரிசையாத்தான். இந்தத் தேதி நீங்கள் எழுதியதா? ஆமா, நல்ல நாள்லா.

எல்லாம் உண்மை. நான் சொல்லச் சொல்ல அதிகாரி ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு சின்னக் குறி போட்டார். அந்தக் குறிகள் கடைக்காரருக்கு எதிராக விழுந்துகொண்டே இருந்தன. எந்தச் சீட்டை முதலில் எடுப்பீர்கள் என்ற கேள்வி பட்டியலில் இல்லை. அந்த நாட்டில் யாருக்கும் அந்தக் கேள்வி தோன்ற வழியில்லை.

11.30. மு. கூண்டில். வெள்ளைச் சட்டை. என்னைப் பார்க்கவில்லை.

கேள்வி 12 படித்தேன். தமிழில். என் தமிழ்.

“இல்லை.”

“நோ,” என்றேன்.

எழுத்தர் டைப் அடித்தார். இரண்டு தட்டு. அதிகாரி குறி போட்டார்.

என் குரல்தான். என் வாய்தான். உலகத்தில் இப்போது அந்தச் சொல் இருக்கிறது, அரக்கு முத்திரைக்குக் கீழே போகத் தயாராக. அம்மாவின் வார்டில் யாரோ கட்டைப் பிரிக்கிறார்கள், தண்ணீர் விட்டு விட்டு. இப்படி ஏன் தோன்றியதென்று தெரியாது.

கேள்வி 13 படிக்க வேண்டும். காகிதம் தெரிகிறது. எழுத்து தெரிகிறது. காகிதத்தைக் கவிழ்த்து வைத்தேன்.

மாஜிஸ்திரேட்: “படிங்கம்மா.”

“ஐயா, நான் தொடர முடியாது.”

“உடம்பு சரியில்லையா?”

“இல்லை ஐயா. அந்தப் பட்டியலை டைப் அடித்தது நான். கீழே இருப்பது என் முதலெழுத்து. கடிதம் வந்தது. பதில் அடித்ததும் நான்.” இதையே ஆங்கிலத்திலும் சொன்னேன், பழக்கத்தில். அதிகாரியின் பேனா நின்றது.

மு. கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

மாஜிஸ்திரேட் கண்ணாடியைக் கழற்றினார். “நீங்க இப்ப மொழிபெயர்ப்பாளரா, சாட்சியா? ரெண்டும் ஒரே ஆளா இருக்க முடியாது.”

“சாட்சி ஐயா.”

“இதை வெள்ளிக்கிழமை உறையை வாங்கும்போதே சொல்லியிருக்கணும்.”

“சனிக்கிழமைதான் பார்த்தேன். அப்பவே சொல்லியிருக்கணும்.”

“ஆமா,” என்றார். திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

பிறகு டெல்லிக்காரர் எழுந்தார். அந்த நாடு அனுப்பிய கடிதத்தில் பெயர் இல்லாதவரை விசாரிக்க முடியாது, பட்டியலில் இல்லாத கேள்வியைக் கேட்க முடியாது. வேண்டுமென்றால் அந்த நாடு புதிதாக எழுத வேண்டும்.

“எம்புட்டு நாள் ஆகும்?” இது மாஜிஸ்திரேட். அவர் வாயில் ஊர்ப் பேச்சு வந்து இன்றுதான் கேட்டேன்.

“போன தடவை பதினொரு மாதம்.”

தெரிந்தே ஒரு மனிதன் இன்னும் பதினொரு மாதம் சிறையில். இரண்டு ஜனநாயகங்களும் ஒருவருக்கொருவர் மரியாதை குறையாமல்.

கம்பியைப் பற்றி வராந்தாவில் அதிகாரிக்குச் சொன்னேன். ஒரு தாள் வாங்கிக் கிழித்து, எண் போட்டு, தன் பேனாவிலேயே குத்தி, மேலிருந்து உருவிப் பார்த்தார். மூன்று தடவை. பிறகு மதுரைக்குக் கார் கேட்டார், டெலக்ஸில் தன் நாட்டுக்கு உடனே செய்தி அனுப்ப.

வாசலில் மு. நின்றிருந்தார். “வெயிலா இருக்கு. வண்டில ஏறு, வீட்ல விட்டுர்றேன்.”

நடந்தே வந்தேன்.

ஜூலை 27, வெள்ளி

ஒன்றும் நடக்கவில்லை. காற்றும் இல்லை.

மொழிபெயர்ப்பு வேலையிலிருந்து நீக்கி உத்தரவு. கையெழுத்திட்டு வாங்கிக்கொண்டேன்.

அண்ணாச்சி வந்தார். வாசலில் நின்றே பேசினார்.

“நான் பொய் சொல்லிட்டனா தாயி?”

“இல்லை அண்ணாச்சி. கேட்டதுக்கு உண்மையைத்தான் சொன்னீங்க.”

“பொறவு ஏன் அந்த வெள்ளக்காரரு கெடங்குக்கு வந்து கம்பியைக் கொண்டுபோயிட்டாரு? புதுசா ஒண்ணு வாங்கணும்.” கொஞ்சம் நின்று, “மொதலாளி ரெண்டு நாளாச் சாப்பிடலையாம். ஆபீஸ்லயே உக்காந்திருக்காவ.”

அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இரகசியம் என்ன இனி. முழுக்கக் கேட்டாள். கோபப்படுவாள் என்று நினைத்தேன்.

“இருபதடி நடந்திருந்தா தெரிஞ்சிருக்கும்,” என்றாள். அவ்வளவுதான். இஸ்திரி போடப் போய்விட்டாள்.

சாயங்காலம் தலைமை எழுத்தர் ஆள் அனுப்பினார். டெலக்ஸில் பதில் வந்துவிட்டது. நாளை பத்தரைக்கு வரவும். அங்குள்ள நீதிபதி ஒரே ஒரு சாட்சிக்கும் ஒரே ஒரு கேள்விக்கும் அனுமதி கொடுத்திருக்கிறார். பதினாலு கேள்வி வரப் பதினொரு மாதம். பதினைந்தாவது வர ஒரு நாள்.

அப்படியென்றால் முடியும். எப்போதுமே முடிந்திருக்கிறது. இதை எப்படி எடுத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

ஜூலை 28, சனி

தேருக்கு ஈடு செய்யும் வேலை நாள். கோர்ட்டில் பாதி பெஞ்சு காலி.

நான் கூண்டில். மொழிபெயர்க்க ஒரு வக்கீல், ஜலதோஷம். எனக்குத் தெரிந்த மொழியில் எனக்காக இன்னொருவர் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நிற்பது. சத்தியம் எடுத்தேன். பெயர், தகப்பன் பெயர், வயது இருபத்தைந்து.

ஒரே கேள்வி: ‘கடைக்காரர் எழுதியதாகச் சொல்லும் கடிதம் இருந்ததென்றால், அது இப்போது எங்கே?’

“புதன்கிழமை முதலாளி மேஜையில் பார்த்தேன். இப்போது இருக்கிறதா என்று தெரியாது.”

எரித்திருப்பார் என்றே நினைத்தேன். நானாக இருந்தால்?

பின் பெஞ்சில் யாரோ எழுந்தார்கள். மு. அவரை இன்று யாரும் கூப்பிடவில்லை. அதே வெள்ளைச் சட்டை, கசங்கி. பையிலிருந்து எடுத்தார். நாலாக மடித்தது, வேர்வையில் நனைந்து ஓரம் கறுத்தது.

“வியாழக்கிழமையும் இது எங்கிட்டதான்யா இருந்துச்சு. இந்தப் பையிலேயே. அன்னைக்குச் சொன்னதை மாத்திக்கலாமாய்யா?”

வியாழக்கிழமையும். நான் நோ சொன்னபோது என்னிடமிருந்து ஆறடியில்.

மாஜிஸ்திரேட் வெகுநேரம் எழுதினார். பிறகு, “மாத்தினா முதல்ல சொன்னதுக்கு என்ன ஆகும்னு தெரியுமா?”

“தெரியும்யா.”

“வக்கீல் வச்சுக்கிட்டுச் சொல்றீங்களா?”

“இப்பமே சொல்லிருதேன். வீட்டுக்குப் போனா மாட்டேன்.”

வக்கீல் மூக்கைச் சிந்திவிட்டு இதையும் ஆங்கிலத்தில் சொன்னார். மு. என்னைப் பார்த்தார். என்ன பார்வை என்று எழுதத் தெரியவில்லை. ஐப்பசியில் மகள் கல்யாணம்.

அதிகாரி கடிதத்தை வாங்கினார், இரண்டு கையாலும். படித்தார். தேதியைப் பார்த்தார். மாஜிஸ்திரேட்டிடம் அனுமதி கேட்காமல் எழுந்து வெளியே நடந்தார். டெல்லிக்காரர் பின்னால் ஓடினார்.

கோர்ட்டுக்கு எதிரே எஸ்.டி.டி. பூத். அதிகாரி உள்ளே, கதவு மூடவில்லை. மூன்றாவது முயற்சியில் லைன் கிடைத்தது. அவர்கள் மொழி எனக்குத் தெரியாது. கத்தினார். ஒரு பெயரை மட்டும் எழுத்து எழுத்தாகச் சொன்னார், இரண்டு தடவை. மொத்த வியாபாரியின் பெயர்.

அந்த மொழி தெரிந்த டெல்லிக்காரர் சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு எனக்குச் சொன்னார்: அந்த ஆள் முக்கிய சாட்சி. உயிருக்கு ஆபத்து என்று ஒரு வருடமாக வீட்டு வாசலில் போலீஸ் காவல். இப்போது அதிகாரி அந்தப் போலீஸ்காரரையே திரும்பி நின்று வீட்டைப் பார்க்கச் சொல்கிறார், அந்த ஆள் தப்பிவிடாதபடி.

தெருவில் ஐஸ் வண்டி மணி. பூத்துக்காரர் அதிகாரியின் தொண்டைக்குச் சோடா வேண்டுமா என்று சைகையில் கேட்டார்.

மொத்த வியாபாரிதான் செய்தாரா? அல்லது அவரும் பேலைப் பார்க்காமல் காகிதத்தைப் பார்த்துச் சொன்னவரா, என்னைப் போல? இதைக் கேட்டேன். அதிகாரி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்தார். தெரியாது என்றார். அந்தக் குழந்தையின் அம்மாவிடம் என்ன சொல்வது என்பதும் தெரியாது.

“கடைக்காரர்?” என்றேன். “அவரை எப்போது விடுவார்கள்?”

கடிகாரத்தைப் பார்த்தார். அங்கே காலைதான் இப்போது.

“இன்று சனிக்கிழமை. எங்கள் நீதிமன்றம் மூடியிருக்கும்,” என்றார். “திங்கள்.”